வீட்டுக்கு ஒரு முகம்

எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் போனுக்குப் பிடித்த முகம் என்னுடையது ஒன்றுதான். பள்ளிக்கூடம் போகும் என் மகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவள் வயதுக்காரர்களிடம் இன்னும் யாரும் முகம் கேட்க ஆரம்பிக்கவில்லை.

இதில் தற்பெருமை ஒன்றும் இல்லை. இணையத்தில் எதைத் திறந்தாலும், உள்ளே விடுவதற்கு முன்னால் 'நீங்கள் நீங்கள்தானா' என்று கேட்டுக்கொண்டு ஒரு வட்டம் வந்து நிற்கிறதே, அதைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் அடையாள அட்டையைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். பிறகு வட்டத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, அது சொல்கிறபடி இடப்பக்கம் திரும்பி, வலப்பக்கம் திரும்பி, கண்ணைச் சிமிட்ட வேண்டும். என் மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்களைப் பார்த்து 'எங்கே, காட்டு' என்று கேட்டே பழகியவர். தன்னை ஒரு போன் 'காட்டு' என்றதும் புருவத்தைத் தூக்கி முறைப்பார், வட்டம் சிவப்பாகிவிடும். என் கணவர் டைல்ஸ் கடையில் மேலாளர். சிமிட்டச் சொல்வதற்கு முன்பே சிமிட்டிவிடுவார், சொன்ன பிறகு முழித்துக்கொண்டிருப்பார். கொழுந்தனுக்கு நண்பர்கள் வைத்த பெயர் டிப்டாப். கேமராவைக் கண்டாலே முடியைக் கோதிக்கொண்டு பல்லைக் காட்டுவான். மாமியாருக்கு, நான் அத்தை என்று கூப்பிடுகிறவருக்கு, வாய் ஓயாது. "எந்தப் பக்கம் திரும்பச் சொல்ற? உன் இடமா, என் இடமா?" என்று வட்டத்தோடு வாதாடுவார்.

என் முகம் மட்டும் எப்போதும் முதல் தடவையிலேயே பச்சை. ஏன் என்று எனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில், மனதுக்குள் என்ன ஓடினாலும் முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். வட்டம் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

முதலில் கேட்டது அத்தை. மாத்திரை வரவழைக்கிற ஏதோ ஒரு இடத்தில் பதிய வேண்டும் என்றார். அவர் அட்டையை ஏற்றிவிட்டு, வட்டம் நாலைந்து தடவை சிவப்பானதும் போனை என் பக்கம் திருப்பி, "நீ கொஞ்சம் பாரேம்மா" என்றார். பார்த்தேன், சிமிட்டினேன், பச்சை. அந்தச் சரிபார்ப்பு நிறுவனத்துக்கு அந்த நாளில் இருந்த கவலை இரண்டே இரண்டு: அட்டை அட்டையாக இருக்கிறதா, முகம் உயிரோடு இருக்கிறதா. இரண்டும் ஒரே ஆள்தானா என்று அது கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அது வீட்டு வழக்கமாகிவிட்டது. "அண்ணி, ஒரு நிமிஷம் உங்க முகத்தக் குடுங்களேன்" என்பான் கொழுந்தன், குடையைக் கேட்பதுபோல. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். போன் என் முன்னால் வந்து நிற்கும். இடம், வலம், சிமிட்டல். கை ஈரம்கூடக் காயாது. எதற்கென்று நான் கேட்டதில்லை. அவர்களாகவே ஒரு காரணம் சொல்வார்கள். மாமனார் செய்தி படிக்க என்றார். கொழுந்தன் வேலை தேட என்றான். என் கணவர் ஆபீஸ் கணக்கு என்று சொல்லி, நான் சிமிட்டி முடித்ததும் போனைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூன்று அறை. எந்த அறைக் கதவுக்கும் பூட்டு கிடையாது. குளியலறைத் தாழ்ப்பாள் எப்போதோ உடைந்தது. 'இந்த ஞாயிறு மாத்திடலாம்' என்று என் கணவர் சொன்ன ஞாயிறு இன்னும் வரவில்லை. அதனால் உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் யாராவது கதவைத் தள்ளிவிடுவார்கள். மாமனாருக்குப் பாட்டு வராது. அவர் தன் பழைய வண்டித் தடத்தின் நிலையங்களை வரிசையாகச் சொல்வார். கடைசி நிலையம் வந்தும் வேலை முடியவில்லையென்றால் அங்கிருந்து திரும்பி வருவார்.

கொஞ்ச நாளில் என் போனுக்குப் பைத்தியம் பிடித்தது. முட்டி வலி எண்ணெய் வேண்டுமா என்றது. 'உங்கள் சீட்டு மேசை காத்திருக்கிறது' என்றது. உங்கள் உயரத்துக்கேற்ற மணமகள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறாள் என்றது. மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் அறைகளைக் காட்டியது. 'அமைதியான முதுமைக்கு உங்களுக்கென ஓர் அறை' என்று, ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டு வைத்துக் கூப்பிட்டது. கிறுக்குப் போன் என்று சிரித்துவிட்டு எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவள். நரம்பு தெரியாத கையிலும் ஒரே குத்தில் எடுப்பேன். மகள் வயிற்றில் இருந்தபோது விட்ட வேலை, அப்படியே விட்டுப் போயிற்று. அந்த வேலை எனக்கு மறுபடி வேண்டும் என்று மனது அடித்துக்கொள்ள ஆரம்பித்து ரொம்ப நாளாகியிருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் புதிதாகத் திறந்த ஒரு பெரிய லேபுக்கு விண்ணப்பித்தேன். நேரில் கூப்பிட்டார்கள், கையைப் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு முன்னால், வெள்ளிக்கிழமைக்குள், இணையத்தில் என் அடையாளத்தைச் சரிபார்த்து முடிக்க வேண்டும். தவறினால் காத்திருப்பில் இருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

சரிபார்ப்பு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கே சிமிட்டிக் கொடுத்தவள் நான். சாவகாசமாக உட்கார்ந்து, என் அட்டையை ஏற்றி, என் முகத்தை என் பெயருக்காக முதல் தடவையாக அந்த வட்டத்துக்குள் வைத்தேன். அதே நிறுவனம், அதே வட்டம். சிவப்பு. கீழே ஒரு வரி: 'இந்த முகம் வேறொருவருக்குச் சொந்தமானது.'

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தேன். வேறொருவருக்குத்தான் சொந்தம் என்றது.

மறுநாள் லேபின் பணியாளர் பிரிவிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். சின்னப் பெண் குரல், ரொம்ப மரியாதை.

"மேடம், உங்க ரிப்போர்ட் வந்திருக்கு. அந்த கம்பெனி இப்ப சிஸ்டத்த மாத்திட்டாங்க. ஒரு முகத்துக்கு ஒரு ஆள்தான். அவங்களோட சேர்ந்த எல்லா கம்பெனிக்கும் பொதுவா ஒரே பதிவு."

"சரிம்மா. அதுக்கென்ன?"

"உங்க முகத்துக்கு நாலு பேர் இருக்காங்க மேடம். படிக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒருத்தர் எழுபது தாண்டின ஆண். பணம் கட்டாத சீட்டாட்டம், தினமும் மத்தியானம், நிறைய தோக்கறார். ஒருத்தர் கல்யாணமாகாத பையன், தனி வீடு, கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல, நல்ல பொண்ணு தேடறார். ஒருத்தர் நாப்பது வயசு ஆண், ஞாயித்துக்கிழமைல ரெண்டு மணி நேரத்துக்கு ரூம் எடுக்கறார், கூட யாரும் வர்றதில்ல, 'தூங்க மட்டும்'னு போட்டிருக்கு. கடைசியா ஒரு அம்மா, முட்டி வலி, முதியோர் இல்லத்துல தனி அறைக்கு எழுதிப் போட்டுக் காத்துட்டிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "இதுல யாரு மேடம் நீங்க?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு என்று சொல்லிவிட்டுப் போகிற மனிதர் எங்கோ ஓர் அறையில் தனியாகத் தூங்கிவிட்டு வருகிறார். கொழுந்தன் எங்கள் எல்லோரையும் ஒரே வரியில் இல்லாமல் ஆக்கிவிட்டான். ஆனால் கடைசியாகச் சொன்ன அந்த அம்மாதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"இதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா? நான் ரத்தம் எடுக்க வர்றேன், அவ்வளவுதானே?"

"எங்களுக்குத் தேவையே இல்ல மேடம். நாங்க வாங்கற பேக்கேஜோட சேர்ந்து வருது."

"என் பேர்ல என்ன இருக்கு அதுல?"

தேடினாள். விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "உங்க பேர்ல ஒண்ணுமே இல்ல மேடம்" என்றாள். இத்தனை வருஷத்தில் எனக்காக நான் ஒன்றையும் திறந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

உதவி எண்ணுக்குப் போட்டேன். அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் போட்டேன், முதியோர் இல்லம் பற்றி வாயைத் திறக்காமல். திரையில் ஒரு பையன், காதில் ஹெட்போனோடு வந்தான். இந்த முகம் முதலில் ஒரு அம்மாவின் பெயரில் பதிந்திருக்கிறது, அந்த அம்மாவின் தனியுரிமையைக் காக்க வேண்டியிருப்பதால் என்னிடம் எதுவும் பேச முடியாது என்றான். அத்தை போனைப் பிடுங்கினார்.

"தம்பி, அந்த அம்மா நான்தான். அந்த முகம் இவளோடதுன்னு நானே சொல்றேன், எழுதிக்கோ."

"நன்றிம்மா. நீங்க அவங்கதான்னு தெரிஞ்சுக்க உங்க முகத்தக் காட்டுங்க."

அத்தை காட்டினார். பையன் கொஞ்ச நேரம் எதையோ பார்த்தான். "மன்னிக்கணும்மா. உங்க முகம் உங்க முகத்தோட ஒத்துப் போகல."

"அறுபத்தெட்டு வருஷமா எனக்கு ஒத்துப் போச்சே தம்பி!"

அவன் சிரிக்கவில்லை, சிரிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. திருத்துவதற்கு ஒரே வழிதான் என்றான். அந்த நான்கு பேரும் ஒன்றாகக் கேமரா முன்னால் உட்கார்ந்து, அவரவர் எந்தக் கணக்கை எதற்காகத் தொடங்கினார்கள் என்று ஒருவர் பின் ஒருவராக வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் என் முகம் எனக்கு.

அன்று சாயங்காலம் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தேன். வேலை கிடைத்ததைச் சொன்னேன். முகம் போனதையும் சொன்னேன். "யார் எந்தக் கணக்கு வெச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். லேபுக்கு வந்த ரிப்போர்ட்ல எல்லாம் இருக்கு. நான் எதுவும் கேக்கப் போறதில்ல, யார்கிட்டயும் சொல்லப் போறதுமில்ல. கேமரா முன்னாடி நீங்க ஒரு வார்த்தை சொன்னா எனக்கு வேலை இருக்கு. இல்லன்னா இல்ல."

டிப்டாப்பின் கை முடியைக் கோதப் போயிற்று.

"அது வந்து அண்ணி," என்றான் கொழுந்தன், "எல்லார் முன்னாடியும்னா… ஒரு பிரைவசி வேணாமா?"

"அவன் சொல்றதும் சரிதான்" என்றார் என் கணவர், தரை டைல்ஸைப் பார்த்துக்கொண்டு. "தனிப்பட்ட விஷயம்னு ஒண்ணு இருக்குல்ல? இந்த கம்பெனிக்காரன் யாரு நம்மளக் கேக்கறதுக்கு?"

"என் முகத்த வெச்சுக்கிட்டு உங்களுக்குத் தனிப்பட்ட விஷயமா?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "குளிக்கப் போனா பாட்டுப் பாடற வீட்ல இன்னிக்குத்தான் பிரைவசி ஞாபகம் வந்துதா?"

மாமனார் எழுந்து குளியலறைக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் நிலையங்களின் பெயர்கள் கேட்க ஆரம்பித்தன. அவர் கடைசி நிலையம்வரை போய், திரும்பி, மறுபடியும் புறப்பட்டார். வெளியே வருகிற உத்தேசம் இல்லை என்று தெரிந்துவிட்டது. அத்தை மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆண்கள் யாரும் இல்லாத நேரம், அத்தை சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அந்த ரிப்போர்ட்ல என்னப் பத்தி என்ன இருந்துது?"

சொன்னேன்.

"உங்க யார் மேலயும் எனக்குக் கோவமில்லம்மா. உன் மேல சத்தியமா இல்ல. ஒரு ரூம். உள்ள தாழ்ப்பாள் போடற மாதிரி ஒரு கதவு. அவ்வளவுதான் கேட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது பாட்டுப் பாடாம குளிக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான நாளாக நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

"சரி, அந்தப் போன எடு" என்றார். "எல்லாரும் உன் முகத்தக் கொண்டுபோய்க் கொடுத்தோம். என் முகம் எங்கேயும் போகல பாரு. சரிப்படலன்னு அன்னிக்கி அந்தத் தம்பியும் திருப்பி அனுப்பிட்டான். பிரிக்காம அப்படியே இருக்கு. எடுத்துக்கோ."

"அத்தை, அது தப்பு."

"எது தப்பு? உனக்கு வேலை தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

என் அட்டையை ஏற்றினேன். வட்டத்துக்குள் அத்தையின் முகத்தை வைத்தேன். பேசாமல் இருப்பதுதான் அவருக்குப் பெரும்பாடு. முதல் தடவை 'இப்பவா?' என்று கேட்டுவிட்டார், சிவப்பு. இரண்டாவது தடவை நான் சிமிட்டச் சொன்னதற்கு 'சரி' என்றுவிட்டார், சிவப்பு. மூன்றாவது தடவை உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, இடம் திரும்பி, வலம் திரும்பி, சிமிட்டினார். பச்சை. 'வாழ்த்துகள்! நீங்கள் நீங்கள்தான்' என்று என் பெயரைப் போட்டு வந்தது.

லேபிலிருந்து அந்தப் பெண் உடனே கூப்பிட்டாள். "வந்துடுச்சு மேடம், பச்சை. சூப்பர்!"

"போட்டோ பாத்தியாம்மா?" என்றேன், பயந்துகொண்டே.

"அது எங்களுக்குக் காட்ட மாட்டாங்க மேடம். உங்க பிரைவசிக்காக."

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். சேர்ந்தோம் என்று சொல்ல வேண்டும். லேப் வாசலில் தினமும் காலையில் முகம் காட்டித்தான் வருகையைப் பதிய வேண்டும். அத்தையும் நானும் ஒரே பஸ்ஸில் போவோம். சுவரில் இருக்கும் பெட்டி முன்னால் அத்தை வாயை மூடிக்கொண்டு சிமிட்டுவார், கதவு திறக்கும், நான் உள்ளே போவேன். வாசல் காவலர் பெட்டியின் விளக்கைப் பார்ப்பாரே தவிர ஆளைப் பார்க்க மாட்டார். அதன் பிறகு அத்தை காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்து, அதுவரை அடக்கிய பேச்சையெல்லாம் பேசித் தீர்ப்பார். ஊசிக்குப் பயந்து வெளிறிப்போய் வருகிறவர்களிடம், "உள்ள இருக்கறது என் மருமகதான். எறும்பு கடிச்சாக்கூட இதவிட வலிக்கும்" என்பார். நான் அவர் பேச்சை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே ஊசியைப் பிரிப்பேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. வீட்டில் ஆண்கள் மூவரும் காலையில் தங்கள் டீயைத் தாங்களே போட்டுக் குடித்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதிலுக்கு நான் ஏதாவது கேட்டுவிடுவேனோ என்று பயம். அத்தையின் போனுக்கு, 'மீண்டும் வேலைக்குச் செல்லும் இளம் பெண்களுக்கான' குதிகால் செருப்புகள் வந்து குவிந்தன. ஒரு ஜோடி பிடித்திருக்கிறது என்றார்.

மழை வரும்போல் இருந்த ஒரு சாயங்காலம் என் போனில் அது வந்தது. முதியோர் இல்லத்தில் அறை காலியாகிவிட்டது. இன்றே முகம் காட்டி உறுதி செய்யாவிட்டால் அடுத்தவருக்கு. கேட்டது என் முகத்தை. அங்கே அத்தை என்றால் நான்தான்.

போனைப் பால்கனிக்கு எடுத்துப்போய் அவரிடம் காட்டினேன். அவர் படித்தார், மறுபடி படித்தார். 

"போய்ப் பாத்துட்டு வந்தேன்" என்றார் மெதுவாக. "உன்ன உள்ள அனுப்பிட்டு ஒரு நாள் அப்படியே பஸ் ஏறிப் போனேன். தாழ்ப்பாள் நல்லா கனமா இருக்கு. போட்டுப் பாத்தேன், திறந்து பாத்தேன், மறுபடி போட்டுப் பாத்தேன். உன் வேலைக்குப் பயப்படாத. அங்கேருந்து லேபுக்கு ஒரே பஸ். தினம் உனக்கு முன்னாடி வந்து வாசல்ல நிப்பேன்."

என் வேலைக்காக நான் பயப்படவில்லை. பயந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இந்த வீட்டில் இருந்த ஒரே கூட்டாளியை நானே சிமிட்டி அனுப்ப வேண்டியிருக்கிறதே என்றுதான் இருந்தது. போகாதீங்க என்று சொல்ல நினைத்தேன். அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுப் பார்த்தவரிடம் எப்படிச் சொல்வது?

போனைத் தூக்கிப் பிடித்தேன். இடம் திரும்பினேன். வலம் திரும்பினேன். சிமிட்டினேன்.

சிவப்பு. 'கண்களில் ஒளி தெறிக்கிறது. மீண்டும் முயலவும்.'

மறுபடி பார்த்தேன். மறுபடியும் சிவப்பு. என் முகத்துக்கு என் பழக்கமே மறந்துவிட்டது. அத்தை கையை நீட்டி, உள்ளங்கையால் என் கன்னம் இரண்டையும் அழுத்தித் துடைத்துவிட்டார். உள்ளே குளியலறையில் மாமனார் பாதித் தடத்தில் இருந்தார்.

"எப்பவும் எங்ககிட்ட வெச்சிருப்பியே ஒரு மூஞ்சி," என்றார் அத்தை, "அத ஒரே ஒரு தடவ எனக்காக வெச்சுக்கோம்மா."

வைத்துக்கொண்டேன். சிமிட்டினேன். பச்சை.

'வாழ்த்துகள்! நீங்கள் நீங்கள்தான்' என்று அத்தையின் பெயரைப் போட்டு வந்தது. அதற்கு மேல் என்னால் அந்த முகத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை.